திருப்பிச் சொல்லு

தம்பியின் காதில் கேட்ட குரல் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லும். "வரேன்." அவ்வளவுதான். திட்டாது, கட்டளை போடாது, கதை அளக்காது. கிளம்பும்போது நாம் எல்லோரும் சொல்கிற அதே வார்த்தை. நம் பாஷையில் யாரும் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. போகிறவன் வரேன் என்கிறான், இருக்கிறவன் சரி என்கிறான். ஜென்மத்துக்கும் திரும்பி வரப்போகாத ஆள், வீடு தவறிக் கதவைத் தட்டிய தபால்காரர் கூட, அதைச் சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவார். அதில் பயப்பட என்ன இருக்கிறது? அதைக் கேட்டு நடுங்க ஒரு தனிக் காது வேண்டும். அந்தக் காது அவனுக்கு ஏழு வயதில் செய்து கொடுக்கப்பட்டது. செய்து கொடுத்தது யார் என்று அக்காவுக்குத் தெரியும். அவள் அதைச் சொன்னாளா இல்லையா என்பதுதான் கதை.

அக்காவுக்கு நாற்பத்தொரு வயது. சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒரு நாளைக்கு அறுநூறு சட்டை அவள் மேஜையைத் தாண்டும். தையல் விட்ட இடம், கோணல் காஜா, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத காலர் முனை, எது இருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். அதனால் தையல் பெண்கள் அவளுக்குக் கழுகு என்று பேர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் கழுகு. அவளுக்கும் தெரியும், உள்ளூர ஒரு பெருமையும் உண்டு. கணவருக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பத்து மாதம் கடலோடு போய்விடும். மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. அதில் அவளும் அம்மாவும், சுவரில் அப்பாவின் படமும்.

தம்பி ஐந்து வயது இளையவன். லிஃப்ட் மெக்கானிக். பதினைந்து வருஷமாக ஒரே ஜோடியோடு வேலை. அந்த ஜோடிக்கு ரேடியோ என்று பேர், தூங்கும்போது மட்டும்தான் வாய் மூடும். தம்பி லிஃப்ட் கூண்டின் கூரை மேல் ஏறி நிற்பான், ரேடியோ உச்சியில் மெஷின் ரூமில் இருப்பார். ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது. தம்பி "மேலே" என்று கத்தினால் ரேடியோ "மேலே" என்று திருப்பிச் சொல்ல வேண்டும், அதற்கப்புறம்தான் கூண்டு நகரும். "நிறுத்து" என்றால் "நிறுத்து". திருப்பிச் சொல்லாத வரைக்கும் விரலை அசைக்கக் கூடாது. இருட்டுக் குழியில் ஒரு வார்த்தை காதில் விழுந்தது என்பதற்காக அதை நம்பி இறங்கினவர்களில் பலபேர் திரும்பி வரவில்லை. வாயாடி ரேடியோ கூட இந்த விஷயத்தில் ஒரு வார்த்தை கூட்டியோ குறைத்தோ பேச மாட்டார்.

போன வருஷம் தம்பி அவரிடம் வந்து, "அண்ணே, கிளம்பும்போது வரேன்னு சொல்லாதீங்க. போறேன்னு சொல்லுங்க" என்றான்.

"போறேன்னு சொன்னா ஒரேயடியா போய்ச் சேர்ந்துடுவேன்டா" என்று சிரித்தார் ரேடியோ. அவன் சிரிக்கவில்லை. ஏதோ கிறுக்கு என்று அவர் விட்டுவிட்டார். அன்றிலிருந்து சாயங்காலமானால் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை காலை, ஒன்பது மாடி ஆபீஸ் கட்டடத்தில், நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் தம்பி கூண்டை நிறுத்திவிட்டான். கூரை மேல் கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கூண்டுக்குள், ரிப்பேர் போர்டைக் கவனிக்காமல் ஏறிவிட்ட ஒரு வக்கீல், அவர் கையில் யாருக்கோ வாங்கிய பிறந்தநாள் கேக். இரண்டே முக்கால் மணி நேரம். வக்கீல் கத்தினார், மேனேஜர் கெஞ்சினார், தீயணைப்புக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். "கீழேர்ந்து வரார், கீழேர்ந்து வரார்" என்பதைத் தவிர அவன் வாயில் வேறு வார்த்தை இல்லை. கடைசியில் ரேடியோதான் மெஷின் ரூமில் மண்டி போட்டு, கண்ணில் நீர் வழிய, "மேலே" என்று கத்தினார். பதினைந்து வருஷப் பழக்கம். அவன் வாய் தானாக "மேலே" என்றது. அப்படியே மெல்ல ஏற்றி எடுத்தார்கள்.

அப்புறம் ஆஸ்பத்திரி. ஆறு வாரம். மாத்திரையில் அவன் ஊதிப் போனான், கை நடுங்கியது, தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தான். ஆனால் காதில் கேட்ட குரல் தேய்ந்தது. நாலாவது வாரம் அக்கா பார்க்கப் போனபோது, வெகு நாளைக்குப் பிறகு அவன் முகத்தில் பழைய களை இருந்தது.

"அக்கா, ஒரு வழி கண்டுபிடிச்சிட்டேன்" என்றான். "அது வரேன்னு சொல்லும்போது, திருப்பிச் சொல்லுன்னு கேட்டேன். சொல்லல. எத்தனை தடவை கேட்டாலும் சொல்லல. மனுஷன்னா திருப்பிச் சொல்லுவான் இல்ல? அப்ப அது பொய்தானே?"

"பொய்தான்டா" என்றாள் அக்கா.

"டாக்டரம்மாவும் நல்ல யோசனைன்னாங்க. நர்சு வந்து மாத்திரைன்னா நானும் மாத்திரைங்கறேன். எல்லாரும் சிரிக்கறாங்க. சிரிக்கட்டும்." அவன் கட்டிலில் நகர்ந்து உட்கார்ந்தான். "இன்னும் ஒண்ணுதான் பாக்கி. மாடிப்படிக்கு அடியில மீட்டர் ரூம் இருந்துச்சே, பழைய வீட்டுல. அப்பா என்னை உள்ள வச்சுத் தாழ்ப்பாள் போட்டுட்டு வரேன்னு சொல்லிட்டுப் போவாரே. அது நடந்துச்சா, இல்ல அதுவும் இந்தக் குரல் மாதிரியான்னு எனக்கே பிடிபடல. நீ திருப்பிச் சொன்னா போதும்."

பார்வையாளர் நேரம் முடிந்த மணி அடித்தது. சரியான நேரத்துக்கு அடித்த மணி. "டாக்டர்கிட்ட போறப்ப பேசிக்கலாம்டா" என்று அக்கா எழுந்துவிட்டாள்.

"சரி, அங்க சொல்லு" என்றான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "போயிட்டு வா" என்றான். அவள் வரேன் என்று சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினாள்.

மீட்டர் ரூம் இருந்தது. பேர்தான் ரூம், பெரிய ஆள் நிமிர முடியாத பொந்து. இரண்டு மின்சார மீட்டர், ஒரு தண்ணீர்க் குழாய், வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வைத்த பலகைக் கதவு. அப்பா பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதுகிற வேலை. வீட்டிலும் அதே நிமிஷக் கணக்குதான். ஏழு வயதாகியும் தம்பி படுக்கையை நனைத்துக்கொண்டிருந்தான். நனைத்த நாளில் ஏழு நாற்பதுக்கு அவனை உள்ளே வைப்பார். குனிந்து, மெதுவாக, "வரேன்" என்பார். குரலை உயர்த்தினதே கிடையாது. சாயங்காலம் ஆறே காலுக்கு வந்து தாழ்ப்பாளைத் திறப்பார், பெல்ட்டைக் கழற்றுவார். அடி என்னவோ ஐந்து நிமிஷம்தான். அந்த ஒரு வார்த்தையைக் காதில் வைத்துக்கொண்டு பத்தரை மணி நேரம் இருட்டில் காத்திருந்தானே, அதுதான் அவனைத் தின்றது. அம்மா அன்றைக்கு முழுக்க சமையலறையை விட்டு வெளியே வர மாட்டாள். பாத்திரச் சத்தம் மட்டும் வழக்கத்தை விட அதிகமாகக் கேட்கும். பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் என்று கடிதம் போகும். கையெழுத்து அழகாக இருக்கும்.

இதில் அக்காவுக்கும் ஒரு வேலை இருந்தது. அக்காவும் தம்பியும் ஒரே அறையில் படுப்பார்கள். காலையில் அப்பா ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே அவளைப் பார்த்து, "இன்னிக்கு?" என்பார். தம்பி நனைந்த விரிப்பைச் சுருட்டி எங்கேயோ ஒளித்துவிட்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான். அவள், "நனைச்சிருக்கான்ப்பா" என்பாள். அப்பா அவள் தலையைத் தடவி, "இந்த வீட்டுல பொய் சொல்லாத ஒரே ஆள் நீதான்" என்பார். அந்தத் தடவலுக்காகத்தான் சொன்னாள். பொய் சொல்லி மாட்டினால் தன்னையும் அந்தப் பொந்துக்குள் போட்டுவிடுவார் என்ற பயமும் இருந்தது. இரண்டு வருஷம் சொன்னாள். பன்னிரண்டு வயதுப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். நாற்பத்தொரு வயதுக்காரியைச் சொல்வேன்.

டாக்டரைப் பார்க்கிற நாளுக்கு முந்தின நாள் மத்தியானம், துணி மடிக்கும்போது அம்மாவிடம் பேச்செடுத்தாள்.

"அவன் மீட்டர் ரூம் பத்தி டாக்டர்கிட்ட சொல்லியிருக்கான்ம்மா. நாளைக்கு நம்மளைக் கேப்பாங்க."

"என்ன கேக்கறது?" அம்மா தலையணை உறையை உதறினாள். "எந்த வீட்டுலதான் அப்பா அடிக்கல? ஏதோ ஒரு நாள் ரெண்டு நாள் கண்டிச்சிருப்பார். அதுக்காகப் பைத்தியமா பிடிக்கும்? பிடிக்கணும்னா ஊர்ல பாதிப் பேருக்குப் பிடிக்கணும்."

"ஒரு நாள் ரெண்டு நாள் இல்லம்மா."

அம்மா கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். "போய்ச் சேர்ந்து பன்னெண்டு வருஷம் ஆகுது. அவர் பேரை ஆஸ்பத்திரியில எழுதி வைக்கணுமா? அப்படியே சொல்றதா இருந்தா முழுசா சொல்லு. தினம் காலையில யார் காட்டிக் கொடுத்தாங்கன்னும் சேர்த்துச் சொல்லு."

இத்தனை வருஷம் அம்மா பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்தாள், காது கேட்காமல் இல்லை. மிச்சத் துணியை அக்கா மடிக்கவே இல்லை.

டாக்டரம்மா சின்ன வயதுக்காரி. தூக்கமில்லாத கண், ஆனால் அவசரப்படுத்தாத பேச்சு. மேஜைக்கு இந்தப் பக்கம் அம்மா, அக்கா, தம்பி. அவன் அன்றைக்குத் தலை வாரி, சட்டையின் மேல் பட்டனைக் கூடப் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

"சின்ன வயசுல திரும்பத் திரும்ப பயந்துபோன பிள்ளைங்களுக்கு, பெரியவங்க ஆனப்புறம் இப்படிக் குரல் கேக்கறதுக்கு வாய்ப்பு அதிகம்" என்றாள் டாக்டரம்மா. "பயந்த எல்லாருக்கும் வரும்னு இல்ல. வந்தவங்களுக்கு எல்லாம் அதுதான் காரணம்னும் இல்ல. ஆனா இவர் ஒரு விஷயம் சொல்றார். அது நடந்ததா, இல்ல வியாதி சொல்ற கதையான்னு தெரிஞ்சா, மாத்திரையோட வேற விதமாவும் உதவி பண்ணலாம். யாரையும் குத்தம் சொல்றதுக்காகக் கேக்கல."

"அப்படி எதுவும் இல்லம்மா" என்றாள் அம்மா. குரல் கொஞ்சம் கூடப் பிசிறவில்லை. "அந்த வீட்டுல மாடிப்படிக்கு அடியில ரூமே கிடையாது."

தம்பி அம்மா பக்கம் திரும்பவே இல்லை. அக்காவை நேராகப் பார்த்தான். குழிக்குள் நின்று உச்சியைப் பார்த்துக் குரல் கொடுப்பவன் போல, "மீட்டர் ரூம்" என்றான். காத்திருந்தான்.

இரண்டே வார்த்தை. திருப்பிச் சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் மீட்டர் ரூம் என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கடுத்த கேள்வி வரும், கடைசியில் அவன் கேட்பான்: அப்பாவுக்கு எப்படித் தெரியும் அக்கா? நான் விரிப்பை ஒளிச்சு வச்சிருந்தேனே? அறுநூறு சட்டையில் ஒரு கோணல் காஜாவைப் பிடிக்கிற கண், மேஜை மேலிருந்த பேனா ஸ்டாண்டை விட்டு நகரவில்லை.

"எனக்குச் சரியா ஞாபகம் இல்ல டாக்டர்" என்றாள்.

தம்பி தலையை ஆட்டினான். கோபம் இல்லை, அழுகை இல்லை. "திருப்பிச் சொல்லல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். டாக்டரம்மா அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எதையோ எழுதினாள். எழுந்து போகும்போது, "பின்னால ஏதாவது ஞாபகம் வந்தா நீங்க மட்டும் தனியா வாங்க" என்றாள். அக்கா சரி என்றாள். போகவில்லை. இந்த வாரம் ஷிப்ட், அடுத்த வாரம் தலைவலி, அதற்கடுத்த வாரம் மழை. போகாமல் இருக்க மனுஷனுக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

ஆறு வாரம் முடிந்து தம்பி அக்கா வீட்டுக்கே வந்தான். நல்ல பிள்ளையாக வந்தான், அதுதான் கொடுமை. சொன்ன நேரத்துக்கு மாத்திரை, சொன்ன நேரத்துக்குக் குளியல். வந்த மறுநாள் நாற்காலி போட்டு ஏறி அப்பாவின் படத்தை இறக்கினான். ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்து, தன் பனியனால் ஒற்றி, திரும்ப மாட்டினான். அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, "மன்னிச்சிடும்மா, அப்பாவைப் பத்தி என்னென்னவோ சொல்லிட்டேன்" என்றான். அம்மா அவன் தலையில் கை வைத்து, "போனாப் போகுது விடு" என்றாள். பெரிய மனசு!

அன்றிலிருந்து தினமும் அந்தப் படத்தைத் துடைத்தான். ஒருநாள் அக்கா வேலைக்குக் கிளம்பும்போது கூப்பிட்டான்.

"அக்கா, யோசிச்சுப் பார்த்தேன். அப்பா ஒண்ணுமே பண்ணலன்னா, இவ்வளவு கேவலமான விஷயத்தையெல்லாம் என் மண்டைதானே தானா உண்டாக்கியிருக்கு? அப்ப எனக்குள்ள எவ்வளவு விஷம் இருக்கணும்? பெத்த அப்பாவையே அப்படி நினைச்சவன், வெளியில நாலு பேர் நடுவுல இருக்கலாமா?"

"அப்படியெல்லாம் பேசாதடா."

"ரேடியோ அண்ணன் போன் பண்ணினார், திரும்ப வேலைக்கு வான்னு. மாட்டேன்னுட்டேன். என் பேச்சை நம்பி ஒருத்தர் கூண்டை நகர்த்தக் கூடாதுக்கா. நான் மேலேன்னு சொன்னா அது மேலேதான்னு எனக்கே தெரியாது."

அன்றைக்கு அக்கா மேஜையில் சட்டைகள் போய்க்கொண்டே இருந்தன. பதினோரு மணிக்கு சூப்பர்வைசர் ஒரு சட்டையைத் தூக்கிக் காட்டினார். ஒரு கையே தைக்கப்படவில்லை. அதற்கு 'சரி' என்று அவள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள். தையல் பெண்கள் சிரிக்கக் கூட இல்லை, பயந்து போய்ப் பார்த்தார்கள். அவள் கத்தரியை வைத்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பினாள். பஸ்ஸில் வழி நெடுக உதடு அசைந்துகொண்டே வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

வீட்டில் அம்மா உள்ளறையில் படுத்திருந்தாள். தம்பி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். அவன் எதிரே தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"மீட்டர் ரூம்" என்றாள்.

அவன் புரியாமல் பார்த்தான்.

"இருந்துச்சுடா. மீட்டர் ரூம் இருந்துச்சு. அப்பா உன்னை உள்ள வச்சு வெளியில தாழ்ப்பாள் போடுவார். காலையில ஏழு நாப்பதுக்கு. வரேன்னு சொல்லிட்டுப் போவார். ஆறே காலுக்கு வந்து பெல்ட்டால அடிப்பார். எல்லாம் நடந்தது. உன் மண்டை உண்டாக்கல. ரெண்டு வருஷம் நடந்தது. நான்தான்டா காட்டிக் கொடுத்தேன். நீ விரிப்பை ஒளிச்சு வச்சிட்டு என் மூஞ்சியைப் பார்ப்ப. நான்தான் நனைச்சிருக்கான்னு சொல்லுவேன். டாக்டர் முன்னாடியும் வாயைத் திறக்கல, நான்தான் காரணம்னு தெரிஞ்சிடும்னு திறக்கல. மீட்டர் ரூம். மீட்டர் ரூம். மீட்டர் ரூம். போதுமா? எத்தனை தடவை வேணும்னாலும் திருப்பிச் சொல்றேன்."

அழுகையில் அவளுக்கு மூச்சு முட்டியது. இருபத்தொன்பது வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். இனி அவன் திட்டுவான், அடித்தாலும் அடிப்பான், அடிக்கட்டும் என்று தலையைக் குனிந்து காத்திருந்தாள்.

அவன் கை அவள் தலை மேல் வந்தது. இதமாகத் தடவியது.

"எப்பலேர்ந்துக்கா?" என்றான்.

"என்னடா?"

"எப்பலேர்ந்து உனக்கு இப்படித் தோணுது?" அவன் குரலில் அவ்வளவு பரிவு. "நான் சொல்லிச் சொல்லி உன் தலையிலயும் ஏத்திட்டேன் பாரு. எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. மணி எல்லாம் கூடச் சரியா ஞாபகம் வரும், ஏழு நாப்பது, ஆறே கால்னு. நடந்த மாதிரியே இருக்கும். பயப்படாத."

"இல்லடா. நிஜம்டா. நான் அங்க இருந்தேன்டா."

"நானும் அப்படித்தான் சொன்னேன்." அவன் உள்ளறைப் பக்கம் திரும்பினான். "அம்மா, பழைய வீட்டுல மீட்டர் ரூம் இருந்துச்சா?"

அம்மா தூங்கவில்லை. உள்ளே கட்டில் ஒரு தடவை கிறீச்சிட்டது.

"இல்லப்பா" என்றாள்.

"பார்த்தியா?" என்றான் தம்பி. நடுங்கும் கையால் அக்காவின் கண்ணைத் துடைத்துவிட்டான். பிறகு போனை எடுத்தான். ஆஸ்பத்திரி நம்பர் அவனுக்கு மனப்பாடம். மறுமுனையில் கேட்ட ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னான்.

"எனக்கு இல்லம்மா, நான் நல்லா இருக்கேன். எங்க அக்காவுக்கு. வயசு நாப்பத்தொண்ணு. ஆமா, அழுதுகிட்டு இருக்காங்க. என்ன பண்ணுதுன்னா... நடக்காதது எல்லாம் நடந்த மாதிரி ஞாபகம் வருதாம். வியாழக்கிழமை பத்தரையா? சரிம்மா, வியாழக்கிழமை பத்தரை. நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரேன்."